போன் படிச்சுச் சொல்லுமா? வண்ணாரப்பேட்டையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் என் மச்சான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். சின்ன வயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கி, 35 வயதுக்குள் எழுத்தெல்லாம் மறைந்துபோனவன் நான். போன் படித்துச் சொல்ல, அதைக் கேட்டு எல்லா வேலையும் செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று பல பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆள்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கூடவே போட்டிருக்கிறேன்.

கண்ணே தெரியாதவர் டச் போனை எப்படிங்க யூஸ் பண்ணுவார்? பட்டன்கூட இல்லையே?

விரலால் திரையைத் தடவினால், விரலுக்கு அடியில் இருப்பதைப் போன் வாய்விட்டுச் சொல்லும். தடவித் தேட வேண்டாம் என்றால் ஒரு விரலால் வலப்பக்கம் இழுங்கள், அடுத்தது வரும். இடப்பக்கம் இழுத்தால் முந்தையது. வேண்டிய பெயர் காதில் விழுந்ததும் திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு தட்டு தட்டினால் அது திறக்கும். பக்கத்தை மேலே கீழே நகர்த்த ஆண்ட்ராய்டில் இரண்டு விரல், ஐபோனில் மூன்று. அடிப்படை இவ்வளவுதான். மற்றதெல்லாம் பழக்கம்.

ஆண்ட்ராய்டு போனில் இதற்கு டாக்பேக் என்று பெயர், ஐபோனில் வாய்ஸ்ஓவர். பொதுவாக ஸ்கிரீன் ரீடர், தமிழில் திரைவாசிப்பான். கம்ப்யூட்டருக்கு என்விடிஏ, ஜாஸ் என்று இரண்டு பிரபலம். ஜாஸுக்குக் காசு கட்ட வேண்டும். என்விடிஏ இலவசம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது அது. காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்த ஆள். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இதுக்குன்னு தனியா போன் வாங்கணுமா? ரொம்ப செலவாகுமா?

வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் போனிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய்ப் பாருங்கள். செலவு என்றால் ஒரு நல்ல இயர்போன்தான். அதுவும் ஒரு காதுக்கு மட்டும் போடுங்கள். இன்னொரு காது தெருவுக்கு வேண்டும்.

அண்ணே, எம்போனு பேய் புடிச்ச மாதிரி பேசுது. தொட்டா திறக்கவே மாட்டேங்குது!

இதைக் கேட்டு வருகிறவர்கள் எல்லோருமே கண் தெரிந்தவர்கள். போன மாதம் ஒரு தம்பி கொருக்குப்பேட்டையிலிருந்து ஓடி வந்தான். சர்வீஸ் கடையில் 'டிஸ்ப்ளே போயிடுச்சு' என்று சொல்லிவிட்டார்களாம். டிஸ்ப்ளேவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் டாக்பேக் ஆன் ஆகும்படி பல போன்களில் குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். பாக்கெட்டில் அழுந்திவிட்டது, அவ்வளவுதான்.

அதே இரண்டு பட்டனையும் அதே மாதிரி அழுத்துங்கள், நின்றுவிடும். நிற்கவில்லையா? முதல் கேள்விக்குச் சொன்ன மாதிரி ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டு, ஒரு விரலுக்குப் பதில் இரண்டு விரல் என்று வைத்துக்கொண்டு செட்டிங்ஸுக்குள் போய் அணைக்கலாம். லாக் திரையைத் திறக்கவும் இரண்டு விரலால் மேலே தள்ள வேண்டும். அந்தத் தம்பி ஐந்து நிமிடம் திண்டாடினான். அணைத்த பிறகு, "நீங்க தினமும் இப்படியாண்ணே?" என்று கேட்டான். தினமும்தான்.

இது இன்னா இவ்ளோ வேகமா பேசுது? உங்களுக்கு நிஜமாவே புரியுதா?

புரிகிறது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்ந்துவிட்டு வேண்டியதைப் பிடிக்கிறீர்கள் இல்லையா, எனக்கு வேகம்தான் அந்த மேய்ச்சல். முதல் மாதம் மெதுவாக வைத்துக் கேட்டேன். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இப்போது என் மனைவிக்கு அது மிக்சி ஓடுகிற மாதிரி கேட்கிறதாம். புதிதாகக் கற்பவர் என்னைப் பார்த்து வேகத்தைக் கூட்ட வேண்டாம். நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம்.

எங்க நைனாவுக்குக் கொஞ்சம் தெரியுதுங்க. பெரிசு பண்ணிக் காட்டினா போதாதா?

கொஞ்சம் தெரிகிறது என்பதில் பல வகை உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, நல்ல கண்ணில் கண்ணாடி போட்டும் 6/18-க்கும் (மற்றவர் 18 மீட்டரில் பார்ப்பது 6 மீட்டரில்தான் தெரியும்) கீழே என்றால் குறைபார்வை, 3/60-க்கும் கீழே என்றால் பார்வையின்மை. பார்வை கூர்மையாக இருந்தும் பரப்பு சுருங்கிப்போனவர்களும் இதில் வருவார்கள். எனக்கு நடந்தது அதுதான். குழாய் வழியே பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்ச நாள் தெரிந்தது. அப்படிப்பட்டவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு நேரத்தில் இரண்டு எழுத்துதான் கண்ணுக்குள் வரும், படிப்பது இன்னும் கஷ்டம். சர்க்கரையால் பார்வை மங்கியவருக்கோ பெரிதாக்குவதும், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைப்பதும் நன்றாக உதவலாம்.

அதனால் முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1819-இல் தொடங்கியது. இன்னொன்று, பார்வை குறைந்துகொண்டே போகும் என்று சொல்லிவிட்டார்கள் என்றால், கொஞ்சம் தெரியும்போதே டாக்பேக் பழகிவிட வேண்டும். நான் வீம்புக்கு இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வருஷமும் வந்த கடிதத்தையெல்லாம் பையனிடம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

தமிழ் படிக்குமா? இங்கிலீஷ் மட்டும்தானே?

நன்றாகவே படிக்கும். கூகுளின் குரலில் தமிழ் இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது. என்விடிஏவோடு வரும் இஸ்பீக் குரலும் தமிழ் படிக்கும். கேட்க இரும்புக்கடை மாதிரி இருக்கும், ஆனால் வேகத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

குறை இல்லாமல் இல்லை. நம் எழுத்தில் ஒரே 'ப' பாட்டிக்கும் பாபுவுக்கும் போதும், நமக்கு வித்தியாசம் தெரியும். குரலுக்குத் தெரியாது. பாபுவில் வரும் 'பா'வைப் பாட்டியின் 'பா' போலவே சொல்லிவிடும். அப்புறம் கௌரி. நிறைய பேர் 'கெ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டு 'கெளரி' என்று தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான். போனோ 'கெ-ள-ரி' என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண் பெயரே புரியாமல் இரண்டு தடவை கேட்டேன்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறவர்களை என்ன சொல்ல? 'சாப்டாச்சா' என்பதை ஆங்கிலக் குரல் ஒரு வெள்ளைக்காரத் துரை மாதிரி உச்சரிக்கும். பழகிவிட்டது. ஆனால் தமிழில் அனுப்பினால் சந்தோஷம்.

எல்லாம் படிக்குது, தெரு குரூப்ல வர்ற நோட்டீஸ் மட்டும் படிக்க மாட்டேங்குதே, ஏன்?

ஏனென்றால் அது எழுத்தே கிடையாது, படம். நாளைக்குத் தண்ணீர் லாரி வராது என்று ஒருவர் காகிதத்தில் எழுதி, அதைப் படமெடுத்து, குரூப்பில் போடுகிறார். போனுக்கு அதில் எழுத்து எதுவும் தெரியாது. 'படம்' என்று சொல்லிவிட்டு நிற்கும். எங்கள் வீட்டில் ஒரு தடவை டிரம் காலியானது இப்படித்தான். காலையில் குடத்தோடு நின்றபோதுதான் முந்தின நாள் மத்தியானமே செய்தி வந்திருந்தது தெரிந்தது.

படத்தில் இருக்கும் எழுத்தைப் பிடித்துத் தர வேறு ஆப் வேண்டும். கூகுள் லென்ஸ் தமிழ் எழுத்தைப் பிடிக்கும். படத்தை அதற்கு அனுப்பி, வரும் எழுத்தைக் கேட்கலாம். ஆனால் தினமும் வரும் நாற்பது 'காலை வணக்கம்' படங்களில் எதில் தண்ணீர் லாரி இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதனால் குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி தட்டுங்கள். 'நாளை தண்ணீர் வராது' என்று. ஆப் கண்டுபிடிக்கிறவர்கள் பத்து வருஷம் உழைத்துத் தருவதை நீங்கள் பத்து விநாடியில் தந்துவிடலாம்.

பிடிஎஃப் அனுப்பினா ஏதோ மந்திரம் சொல்ற மாதிரி படிக்குது. போன் கெட்டுப்போச்சா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்துருதான் கோளாறு. எல்லாப் போனும் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் யூனிகோடு என்ற பொது முறை வருவதற்கு முன்னால் தமிழ் டைப் செய்ய ஆளாளுக்கு ஒரு எழுத்துரு வைத்திருந்தார்கள். பாமினி அதில் ஒன்று. அதில் உள்ளே உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் முகமூடி. கண் முகமூடியைப் பார்க்கும், திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைப் படிக்கும். அதுதான் மந்திரம்.

தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் டிடிபி சென்டர்களில் பழைய எழுத்துரு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மச்சான் கடையிலேயே ஓடியது, சண்டை போட்டு மாற்ற வைத்தேன். உங்களிடம் அப்படி ஒரு கோப்பு இருந்தால் யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிடிஎஃபிலிருந்து எடுத்து ஒட்டும்போது பாதி எழுத்து சிதறும். டைப் செய்த மூலக் கோப்பே கிடைத்தால் நல்லது. சில பிடிஎஃப்பில் ஒரு சத்தமும் வராது. அது ஸ்கேன் செய்த படம், போன கேள்விக்குச் சொன்ன கதைதான்.

அச்சுப் புத்தகத்தைக் காட்டினா படிக்குமா? எங்க தாத்தாவோட பழைய புத்தகம்கூட?

படிக்கும். கேமராவில் பிடித்த பக்கத்திலிருந்து எழுத்தை உணர்வதற்கு ஓசிஆர் என்று பெயர். 1976-இல் அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் பார்வையற்றோருக்காக ஒரு படிக்கும் இயந்திரத்தை வெளியிட்டபோது அதைத் தூக்கி நடக்க முடியாது, மேசை மேல்தான் வைக்க வேண்டும். இப்போது சட்டைப்பையில் இருக்கிறது. பக்கத்தை மேசையில் தட்டையாக வைத்து, போனைப் பக்கத்தின் நடுவில் படுக்க வைத்து, அப்படியே நேராக ஒரு முழம் மேலே தூக்குங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். கை ஆடினால் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கண் தெரியாமல் சரியாகப் படம் எடுக்க நான் கற்றுக்கொண்ட வழி இது.

தமிழ் ஓசிஆருக்கு நிரந்தரச் சங்கடம் 'ர'வும் துணைக்காலும். பார்க்க ஏறக்குறைய ஒன்று. அச்சு கொஞ்சம் மங்கினால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும். வாக்கியத்தை வைத்து ஊகித்துவிடலாம், கதைப் புத்தகத்துக்குப் பிரச்சினையில்லை. தாத்தாவின் புத்தகம் வேறு விஷயம். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் 'ணை', 'லை', 'ளை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வைத்து அச்சாகும், 'ணா', 'றா', 'னா'வும் வேறு வடிவம். புது எழுத்தில் பழகிய ஓசிஆர் அதைப் பார்த்து முழிக்கும். அத்தகைய புத்தகத்துக்கு இன்றைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டும் பேரப்பிள்ளைதான் சிறந்த கருவி.

மாத்திரை அட்டையைப் படிக்குமா? டாக்டர் எழுதினதை?

அட்டையில் அச்சடித்த பெயரைப் பெரும்பாலும் படித்துவிடும். பளபளப்பான தாளில் வெளிச்சம் அடித்தால் தடுமாறும், கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். டாக்டர் கையெழுத்தை நம்பாதீர்கள். இந்த ஏஐ ஆப்கள் வந்த பிறகு ஒரு புது ஆபத்து இருக்கிறது. பழைய ஓசிஆர் தெரியாததைக் குப்பையாகக் கொட்டும், நமக்கு உடனே சந்தேகம் வரும். இவை தெரியாததையும் அழகான வாக்கியமாகச் சொல்லும். 50 மில்லிகிராமா 500 மில்லிகிராமா என்பதில் அழகு உதவாது. மருந்து விஷயத்தில் மெடிக்கல் ஷாப்காரரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

2023 ஆகஸ்ட்டிலிருந்து அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளுக்குக் க்யூஆர் கோடு கட்டாயம். அதில் பெயர், பேட்ச், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அட்டையில் இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியில் அடிக்கிறார்கள், நம் கடையிலோ பெட்டி கைக்கே வராது. கத்தரிக்கோலால் ஐந்து மாத்திரையை வெட்டிக் கொடுப்பார், தேதி இருக்கும் பக்கம் கடையிலேயே நின்றுவிடும். என் வழி ரப்பர் பேண்ட்: காலை மாத்திரைக்கு ஒன்று, ராத்திரி மாத்திரைக்கு இரண்டு.

ரூபா நோட்டு? ஏமாத்திட மாட்டாங்களா?

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1-ஆம் தேதி மணி என்ற ஆப்பை வெளியிட்டது. கேமராவில் காட்டினால் எத்தனை ரூபாய் நோட்டு என்று சொல்லும், இன்டர்நெட் வேண்டாம். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லாது, அதை மறக்காதீர்கள்.

எம்.சி. ரோட்டில் துணிக்கடைக் கூட்டத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு நோட்டாகப் போனில் காட்ட முடியுமா? அங்கே விரல்தான். 100, 200, 500 நோட்டுகளின் இரண்டு ஓரத்திலும் தடித்த கோடுகள் இருக்கும். 100-க்கு நான்கு, 500-க்கு ஐந்து. 200-க்கு நான்கு கோடுகளோடு நடுவில் இரண்டு சின்ன வட்டம். நோட்டு பழசாகிக் கசங்கினால் கோடு தேய்ந்துவிடும், அப்போது நீளத்தைப் பார்க்கலாம். மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான். நீளம் மட்டும் 100-க்கு 142 மில்லிமீட்டர், 200-க்கு 146, 500-க்கு 150. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரலால் பிடிக்கச் சொல்கிறார்கள்! பழைய நோட்டுகள் இருந்தபோது இந்தப் பாடு இல்லை.

இதெல்லாம் இருக்கும்போது புள்ளைக்குப் பிரெயில் எதுக்கு?

ஒரு அம்மா எட்டு வயதுப் பெண்ணோடு வந்து கேட்டார். அந்தப் பெண்ணிடம் 'ஏறு' என்று சொல்லி, எழுத்துக் கூட்டச் சொன்னேன். எந்த 'று' என்று அவளுக்குத் தெரியவில்லை. கதைகள் நூறு கேட்டிருக்கிறாள். காது சொல்லைத் தரும், எழுத்தைத் தராது. ரகரம், றகரம், நகரம், னகரம் எல்லாம் பிரெயில் புள்ளியைத் தடவும் விரலில்தான் உட்கார வேண்டும். கணக்கும் அப்படித்தான். பின்னத்தைக் காதால் கேட்டுப் போட்டுப்பாருங்கள், தெரியும்.

பிரெயில் ஒன்றும் மலை இல்லை. ஆறு புள்ளி, அதில் 63 வடிவம். 1951-இல் வந்த பாரதி பிரெயிலில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான அமைப்பு வைத்தார்கள். தமிழ் 'அ'வும் ஆங்கிலத்தின் முதலெழுத்தும் ஒரே புள்ளி. எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அச்சில் 'கெ' எழுத முதலில் கொம்பு, அப்புறம் 'க'. பிரெயிலில் 'க' முதலில், 'எ' பிறகு. நாம் சொல்கிற வரிசையிலேயே எழுதுகிறோம். பிரெயில் தட்டச்சு செய்யும் பெர்கின்ஸ் இயந்திரம் வேலூர் பக்கம் காட்பாடியிலேயே தயாராகியிருக்கிறது. நாற்பதுக்கு மேல் பார்வை போனவர் பிரெயில் கற்காமல் போனால் பரவாயில்லை என்பேன். குழந்தைக்கு விட்டுவிடாதீர்கள். பூந்தமல்லி அரசுப் பள்ளி மாதிரியான இடங்களில் விசாரியுங்கள்.

புத்தகங்களை இப்படி எழுத்தாக்கிக் கொடுத்தா காப்பிரைட் கேஸ் ஆகாதா?

ஆகாது. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கிற வடிவில் மாற்ற விலக்கு கொடுத்தார்கள். லாபத்துக்கு விற்கக் கூடாது. இதையே உலக அளவில் சொல்லும் மராகேஷ் ஒப்பந்தம் 2013-இல் வந்தது. அதற்கு முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியா. சுகம்ய புஸ்தகாலயா என்ற ஆன்லைன் நூலகம் 2016-இல் தொடங்கியது. மாற்றுத்திறனாளி சான்றிதழைக் காட்டிச் சேர்ந்தால் இறக்கிக்கொள்ளலாம். நேரில் போக வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெயில் பிரிவு இருக்கிறது. வடசென்னையில் இப்படி ஒன்று ஏன் இல்லை என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓடிபியைச் சத்தமா படிச்சா பக்கத்துல இருக்கிறவன் கேட்டுட மாட்டானா?

கேட்பான். அதனால்தான் இயர்போன் என்று முதலிலேயே சொன்னேன். இன்னொரு ஓட்டை பலருக்குத் தோன்றாது. நமக்குத் திரை தேவையில்லை, ஆனால் அது எரிந்துகொண்டே இருக்கிறது, பின்னால் நிற்பவர் எல்லாம் படிக்கலாம். டாக்பேக்கில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் மூன்று விரலால் மூன்று தட்டு தட்டினால் திரை இருண்டுவிடும், போன் வேலை செய்துகொண்டே இருக்கும். மெட்ரோவில் அப்படி வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "தம்பி, போன் ஆஃப் ஆயிருக்கு" என்று தோளைத் தொட்டுச் சொன்னார்.

பீ மை ஐஸ் என்ற ஆப்பில் முகம் தெரியாத தன்னார்வலர் வீடியோவில் பார்த்துச் சொல்வார். சட்டை நிறத்துக்கும் காஸ் அடுப்புக்கும் அருமை. ஏடிஎம் கார்டையும் பாஸ்புக்கையும் அதில் காட்டாதீர்கள்.

பேங்க் கேஒய்சில கண்ணைச் சிமிட்டச் சொல்லுதாமே, அதுக்கு என்ன பண்றது?

எனக்கே நடந்தது. வங்கி ஆளை உறுதிசெய்யும் கேஒய்சி சோதனையில் ஆப், கண்ணை வட்டத்துக்குள் வைத்துச் சிமிட்டு என்றது. வட்டம் எங்கே என்று சொல்லவில்லை. நான் சிமிட்டியது எதையும் அது ஏற்கவில்லை. கிளைக்குப் போனால், "ஆப்ல பண்ணிட்டு வாங்க" என்றார்கள். மூன்று நடை.

இப்போது உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, கேஒய்சி முறையை மாற்றச் சொல்லி 20 கட்டளைகள் போட்டது. சிமிட்டாமலேயே உயிருள்ள ஆள் என்று உறுதிசெய்ய வேறு வழி தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. தீர்ப்புத் தேதியைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டால் ஒரு பதில், காகிதத்தைக் கண்டால் வேறு பதில்.

பஸ் நம்பரைப் படிக்குமாண்ணே?

நிற்கிற பஸ் என்றால் படிக்கும். பெரம்பூரில் 29சி கிளம்புவதற்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும், போனை நீட்டினால் பல நேரம் சொல்லிவிடும். நடுவில் உள்ள நிறுத்தத்தில் வேலைக்காகாது. பஸ் வருகிற வேகத்தில் போனைத் தூக்கி, அது பக்கத்துக் கடை போர்டையும் சேர்த்துப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த சிக்னலில் இருக்கும். ஒரு கையில் வெள்ளைக்கோல், இன்னொரு கையில் போன், பிடித்து ஏற மூன்றாவது கைக்கு எங்கே போவது?

பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லி வைக்கலாம்தான். ஆனால் அவருடைய பஸ் முதலில் வந்தால் ஏறிப் போய்விடுவார், நமக்குத் தெரியவே தெரியாது. அரை மணி நேரம் அப்படி நின்றிருக்கிறேன். நிறுத்தத்தில் பூ விற்கிற அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் எந்தப் பஸ்ஸிலும் ஏறப் போவதில்லை.